கைதான முதல் 24 மணி நேரம்

கெடாவில் எழுந்த ஒரு வழக்கு, மலேசியாவில் கைதாகும் ஒவ்வொருவரின் உரிமையையும் அரை நூற்றாண்டாக அளந்து வருகிறது. 1975-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஊய் ஆ புவா வழக்கு அது. எதிர்த்தரப்பில் நின்றவர் கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் குற்றப் புலனாய்வு அதிகாரி. கைதானவரைப் பார்க்க வழக்கறிஞருக்குப் போலீஸ் இடம் தரவில்லை. ஒருவர் கைதான பிறகு எப்போது வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்பதே நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி. அன்றைய தலைமை நீதிபதி சுஃபியான் தந்த விடைக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை கைதான நாளிலேயே பிறந்துவிடுகிறது என்பது ஒன்று. அந்த உரிமையை உடனே பயன்படுத்திவிட முடியாது, குற்றம் செய்தவர்களைப் பிடித்துச் சான்றுகளைத் திரட்டும் போலீஸின் கடமையோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பது மற்றொன்று.

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் லுனாஸிலும் பாடாங் செராயிலும் இன்றுவரை சாதாரணக் குடும்பங்களைத் தொடர்ந்து வருவது அந்த இரண்டாம் பகுதிதான். பையனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது, எந்த நிலையத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லை, வழக்கறிஞர் போனால் விசாரணை நடக்கிறது, பிறகு வாருங்கள் என்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது. ஒருவருடைய உரிமை காக்கப்படுவதும் கைநழுவுவதும் பெரும்பாலும் வழக்கு நடக்கும்போது அல்ல; முதல் 24 மணி நேரத்திலும், அடுத்த நாள் மாஜிஸ்திரேட் முன் கழியும் சில நிமிடங்களிலும்தான். வழக்கு என்று வந்துவிட்டால் நகையை அடகு வைத்தாவது குடும்பம் வழக்கறிஞரைப் பிடித்துவிடுகிறது. முதல் நாளில் கைதானவருக்குப் பக்கத்தில் யாருமே இருப்பதில்லை.

அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. சட்டப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது. கைதானவருக்கு ஏன் கைது என்பதை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் சொல்ல வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் அவர் மூலம் வாதாடவும் இடம் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் காவலில் வைக்கக் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று புகார் வந்தால் உயர் நீதிமன்றம் ஆளைக் கொண்டுவரச் சொல்லி விசாரிக்க வேண்டும். ஆட்கொணர்வு மனு என்பது இதுதான். இந்த விதி குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. வங்காளதேசத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்து செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவரும் இதற்குள் அடக்கம். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடும் வெளிநாட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கான கெடு மட்டும் நீளமானது.

2007-இல் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. போலீஸ் படையைச் சீர்திருத்த 2004-இல் துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2005-இல் 125 பரிந்துரைகளை வைத்தது. அந்தக் காலத்துச் சீர்திருத்தப் பேச்சுகளுக்கிடையே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சுஃபியான் தீர்ப்பு திறந்தே விட்டிருந்த கதவுக்கு இந்தப் பிரிவு ஓரளவு தாழ்ப்பாள் போட்டது. விசாரிக்கத் தொடங்கும் முன், வாக்குமூலம் எழுதத் தொடங்கும் முன், உறவினர் அல்லது நண்பர் ஒருவரிடம் தாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லலாம், வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்பதைப் போலீஸ் அதிகாரியே கைதானவரிடம் தெரிவிக்க வேண்டும். கைதானவர் கேட்டால் அதற்கான வசதியைக் கட்டணம் இல்லாமல் செய்துதர வேண்டும். வழக்கறிஞர் வந்து சேர நியாயமான நேரம் தந்து, அதுவரை விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். வழக்கறிஞருடன் பேசும்போது போலீஸ்காரர் பார்க்கும் தொலைவில் நிற்கலாம், பேச்சைக் கேட்கும் தொலைவில் நிற்கக் கூடாது.

இதற்கும் விலக்கு உண்டு. கூட்டாளி தப்பிவிடுவான், சான்று அழிக்கப்படும், பிறருடைய உயிருக்கு ஆபத்து வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் இந்த உரிமைகளை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதை நிலையத்தில் இருக்கும் எவரும் வாய்மொழியாகச் செய்துவிட முடியாது. டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி ஒருவர், காரணத்தை எழுதிவைத்து அனுமதி தர வேண்டும். வழக்கறிஞரைத் திருப்பி அனுப்பினால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அனுமதி தந்த டிஎஸ்பி யார், காரணம் எழுதப்பட்டிருக்கிறதா?

கூப்பிட்டார்கள் என்றால் கைதா?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மாலையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "சும்மா விளக்கம் கேட்கத்தான், ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டுப் போப்பா" என்று கூப்பிடுகிறார்கள். போனவர் திரும்புவதில்லை. சாதாரண உடையில் வருபவர் தம் அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் வைத்திருப்பது நீல அட்டை, அவர்களுக்குக் கீழுள்ளவர் வைத்திருப்பது மஞ்சள், ரிசர்வ் போலீஸ் படையில் உள்ளவருக்கு வெள்ளை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் பணியிடை நீக்கத்தில் இருப்பவர். அவருக்கு உங்களைச் சோதிக்கும் அதிகாரம் இல்லை. மலேசிய வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட 'சிவப்புப் புத்தகம்' என்ற சிறு கையேடு இதையெல்லாம் சொல்கிறது. தமிழிலும் அது வந்திருக்கிறது. நம் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் அது கிடைக்கும்படி செய்திருந்தால் பல வீடுகளில் அழுகை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போலீஸ் உங்கள் அடையாள அட்டையை (ஐசி) கேட்டால் காட்டத்தான் வேண்டும். தேசியப் பதிவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. பெயர், முகவரி போன்ற அடையாள விவரங்களைச் சொல்வதோடு முதல் கட்டம் முடிகிறது. அதன் பிறகு நிலையத்துக்கு வரச் சொன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நான் கைதாகியிருக்கிறேனா?" மலாய் மொழியில் கேட்பது நல்லது: "அடாக்கா சாயா டித்தங்காப்?" ஆம் என்றால் எதற்காக, எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேளுங்கள். கைதை எதிர்த்து மல்லுக்கு நிற்காதீர்கள். இல்லை என்றால் நீங்கள் சாட்சி. சாட்சியை விசாரணைக்கு அழைப்பதற்கும் முறை உண்டு; குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின் கீழ் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். வசதியான நேரத்தில் வருகிறேன் என்று சொல்லலாம், வழக்கறிஞருடன் போகலாம். எழுத்து உத்தரவைப் புறக்கணித்தால் மாஜிஸ்திரேட் வாரண்டு பிறப்பிக்கலாம் என்பதால் அதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

வாக்குமூலத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 112-ஆவது பிரிவின் கீழ் விசாரிக்கப்படுபவர் வழக்கு விவரங்களைப் பற்றிய கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் தம்மீதே குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. எழுதியதை, அவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில் படித்துக்காட்டித் திருத்தம் செய்ய வாய்ப்பளித்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, பால்மரம் வெட்டியே காலம் கழித்த பெரியவர்கள் கெடாவில் இன்னும் நிறையப் பேர். கடைத்தெரு மலாய் அவர்களுக்குத் தெரியும், போலீஸ் எழுதும் மலாய் தெரியாது. தமிழில் பேசினேன், தமிழில் படித்துக்காட்டுங்கள் என்று கேட்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்துப் போடுவதைவிடப் போடாமல் அடுத்த நாள் மாஜிஸ்திரேட்டிடம் காரணம் சொல்வது எவ்வளவோ மேல்.

மாஜிஸ்திரேட் முன் சில நிமிடங்கள்

24 மணி நேரத்தில் விசாரணை முடியவில்லை என்றால் போலீஸ் ரிமாண்ட் கேட்கும். 117-ஆவது பிரிவு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை கேட்கும்போது அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 7 நாள், பிறகு 7 நாள். இவை உச்ச வரம்புகள். கேட்டால் கேட்டபடி கொடுத்துவிட வேண்டிய அளவு அல்ல. போலீஸ் தன் விசாரணை நாட்குறிப்பின் நகலைக் காட்ட வேண்டும். இதுவரை என்ன செய்தார்கள், மேலும் காவலில் வைக்க என்ன தேவை என்பதை மாஜிஸ்திரேட் அதில் பார்த்து முடிவெடுக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும். கைதானவருக்கு வழக்கறிஞர் இருந்தால் பேச விட வேண்டும். 1996-இல் வழக்கறிஞர் சிவராசா உள்ளிட்டோர் தடுத்து வைக்கப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம், மனிதச் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இந்த அதிகாரத்தை மாஜிஸ்திரேட் கவனமாகக் கையாள வேண்டும் என்று வலியுறுத்தியது.

நடைமுறையில் சில நிமிடங்களில் பலருடைய ரிமாண்ட் முடிந்துவிடுகிறது. கைதானவருக்குப் பேச வராது, என்ன பேச வேண்டும் என்றும் தெரியாது. அடிபட்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவே பயப்படுவார், ஏனென்றால் பக்கத்தில் நிற்பது அதே விசாரணை அதிகாரி (ஐஓ). மாஜிஸ்திரேட்டிடம் சொல்வதற்கு நீளமான பேச்சு தேவையில்லை. எனக்கு உடல்நிலை சரியில்லை, மருந்து தரவில்லை, அடித்தார்கள், வழக்கறிஞரைக் கேட்டேன் தரவில்லை, என் குடும்பத்துக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. இவற்றுள் எது உண்மையோ அதைச் சொன்னால் மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டிய நிலைக்கு வருகிறார். நீரிழிவு, இழுப்பு, இதய நோய் உள்ளவர்களின் குடும்பம் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டும்; கொடுத்ததை ஐஓவின் பெயரோடும் நேரத்தோடும் குறித்துவைக்க வேண்டும்.

கெடாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை, ஞாயிறு வேலைநாள். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. பிறை, பட்டர்வொர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் கெடாவில் தூங்குகிறவர்கள் இரண்டு நாட்காட்டிகளில் வாழ்கிறார்கள். வியாழன் இரவு சுங்கைப் பட்டாணியில் ஒருவர் பிடிபட்டால், ஞாயிறு அலுவலகம் திறக்கட்டும் என்று குடும்பம் காத்திருக்கிறது. 24 மணி நேரக் கணக்கு விடுமுறைக்காக நிற்பதில்லை. விடுமுறை நாளிலும் ரிமாண்ட் விசாரணை நடக்கும், வெள்ளிக்கிழமையே அவர் மாஜிஸ்திரேட் முன் நின்றிருப்பார். குடும்பம் ஞாயிறு போய்ச் சேரும்போது முதல் ரிமாண்ட் பாதி முடிந்திருக்கும்.

ரிமாண்ட் முடிந்த பிறகு வருவது இன்னும் மோசமான வேலை. இதை வழக்கறிஞர்கள் 'ரோட் ஷோ' என்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் ரிமாண்ட் காலம் முடிந்ததும் விடுவித்து, நிலைய வாசலிலேயே வேறு மாவட்டப் போலீஸ் வேறொரு புகாரின் பேரில் மறுபடி கைது செய்யும். கோலமூடா மாவட்டத்தில் தொடங்கி, கூலிம், பாலிங், பண்டார் பாரு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறை என்று ஆளைக் கொண்டுபோகலாம். ஒவ்வோர் இடத்திலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படிதான் தோன்றும், எல்லாம் சேர்ந்தால் நாடாளுமன்றம் வகுத்த எல்லையை வெறும் தாளாக்கிவிடும். மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் வழக்கறிஞர் மன்றமும் இதைத் தொடர்ந்து கண்டித்து வருகின்றன. புலனாய்வுக்காக ஆளைக் காவலில் வைப்பது வேறு. ஆளைக் காவலில் வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வேறு. இரண்டாவதை எந்தப் பெயரில் செய்தாலும் அது தவறு.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் குறுக்கே வருகிறது. கைது செய்ததும் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தகவல் தர வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து லோக்காப்பில் போடக் கூடாது. பையன் உயரமாக இருக்கிறான் என்பதற்காகப் பெரியவர்களோடு அடைபட்டுவிடலாம். பிறப்புப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தோட்டத்தில் தொடங்கிய பயம்

இவ்வளவு உரிமை சட்டத்தில் இருந்தும் நம்மவர்கள் ஏன் கேட்பதில்லை? படிப்புக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமல்ல. கெடாவின் தோட்ட வரலாறு இதற்கு வேறு விடை வைத்திருக்கிறது.

உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. லயங்களைக் கெடுத்த கள்ளை ஒழிப்பது அவர்களின் முதல் வேலை. இந்திய தேசிய ராணுவம் ஊட்டிய கட்டுப்பாடும் தன்மதிப்பும் அந்த இளைஞர்களிடம் இருந்தன. துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கமெல்லாம் அக்காலத்தில்தான் ஆட்டங்கண்டது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை முன்பு நடந்த மறியல் போலீஸோடு மோதலாக முடிந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் மறுபடி மோதல், கைதுகள், சிறைத் தண்டனைகள். ஏப்ரல் மாதம் கூலிம் பகுதியின் டப்ளின் தோட்டத்தில் தொழிலாளர் கூட்டத்தில் பேசிய ஒருவரைக் கைது செய்யப் போன இடத்தில் போலீஸ் சுட்டது, அங்கும் ஒருவர் இறந்தார். கள்ளு வேண்டாம், மரியாதை வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் அதிகாரம் அரசின் கைக்கு வந்தது. தோட்டத்தில் நாலு பேர் கூடிப் பேசுவதே ஆபத்தாயிற்று.

அடுத்த தலைமுறைக்கு அப்பாவும் தாத்தாவும் சொல்லிக்கொடுத்தது, போலீஸ் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு வா என்பதுதான். அதில் கோழைத்தனம் இல்லை, கண்ணால் கண்ட பாடம் இருக்கிறது. தோட்டம் இருந்த காலத்தில் ஒருவர் பிடிபட்டால் கிராணியோ தண்டலோ தொழிற்சங்கக் கிளைத் தலைவரோ நிலையத்துக்குப் போவார். அதில் அடிமைத்தனமும் கலந்திருந்தது. ஆனால் இன்னார் எங்கே என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்த பிறகு அந்த ஆளும் இல்லாமல் போனார். பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இதை இந்தியர் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு. 1985 நவம்பர் 19-இல் பாலிங் மாவட்டத்தின் மெமாலி கிராமத்தில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு சமய ஆசிரியரைக் கைது செய்யப் போன நடவடிக்கையில் 14 கிராமத்தவரும் 4 போலீஸ்காரரும் இறந்தார்கள். இறந்த கிராமத்தவர் அனைவரும் மலாய்க்காரர்கள். அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்கும் வழி அடைபட்டால் யாருடைய வீட்டிலும் பிணம் விழும்.

போலீஸ் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சங்கிலி பறிப்பிலும் குண்டர் கும்பல் சண்டையிலும் அடிபட்டு, போலீஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று காத்திருப்பவர்களும் இதே தாமான்களில் இருக்கும் நம் தாய்மார்கள்தான். ஆள் மாறிப் பிடித்து, அடித்து வாங்கிய வாக்குமூலத்தோடு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் உண்மையான குற்றவாளி வெளியே சுற்றுவான். அந்தத் தாய்மார்களுக்கு அதனால் என்ன நன்மை?

24 மணி நேரக் கணக்கு செல்லாத இடம்

இதுவரை சொன்னவை சாதாரணச் சட்டத்தின் கணக்கு. சில சட்டங்கள் இந்தக் கணக்கையே மாற்றிவிடுகின்றன. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ரத்தானபோது அதன் இடத்துக்கு சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. அதன் கீழ் போலீஸ் 28 நாள் வரை காவலில் வைக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம், குற்றஞ்சாட்டப்பட்டால் ஜாமீன் கிடைப்பது மிக அரிது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு தந்ததாகச் சொல்லி 12 பேர் இச்சட்டத்தின் கீழ் பிடிபட்டார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அடுத்த பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்குகளைக் கைவிட்டார். யார் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாமலே அவர்கள் நான்கு மாதம் சிறையில் இருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் கோலக்கெட்டிலில் லாரி ஓட்டும் ஒருவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோட்டப்புற இளைஞர்களை அதிகம் தொடுவது பொக்கா எனப்படும் 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம். குண்டர் கும்பல் சந்தேகத்தில் பிடிப்பவர்களை முதலில் 21 நாள், பிறகு 38 நாள் வரை காவலில் வைக்கலாம். அதன் பிறகு குற்றத் தடுப்பு வாரியம் இரண்டு ஆண்டு தடுப்புக் காவலுக்கோ, குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு வெளியேறாமல் இருக்கவோ உத்தரவிடலாம். வழக்கு இல்லை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது இல்லை, விசாரணை அதிகாரியின் முன் தம் வாக்குமூலம் பதிவாகும் நேரம் தவிர வழக்கறிஞருக்கு இடம் இல்லை. குற்றம் செய்தவர் என்றால் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டியுங்கள். சான்று போதவில்லை என்பதற்காக நீதிமன்றத்தைத் தவிர்க்கும் சட்டம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், நிரபராதியையும் குற்றவாளியையும் ஒரே அறையில் பூட்டும்.

பொக்கா, சொஸ்மா என்று காதில் விழுந்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தச் சட்டங்களிலும் நடைமுறையை அணுவளவு பிசகாமல் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே வந்தவர்கள் உண்டு, அதற்குத் தேதிகளும் ஆவணங்களும் கையில் இருக்க வேண்டும்.

யாரிடம் போவது

கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைக்க, தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்கி வருகிறது. மலாய்ச் சுருக்கத்தில் ஒய்பிஜிகே. மாநில வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தோடு இணைந்து அது வேலை செய்கிறது. இந்த வசதி இருப்பதே தெரியாமல், ஆளை வெளியே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகர்களிடம் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொடுத்து ஏமாறும் குடும்பங்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. ரசீது தராமல் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

அடித்தார்கள் என்றால் வெளியே வந்த அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை, கூலிமில் கூலிம் மருத்துவமனை, அலோர்ஸ்டாரில் சுல்தானா பாஹியா. காயத்தைப் படம் எடுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டை எந்த நிலையத்திலும் செய்யலாம், நடந்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சுஹாகாமுக்கும் எழுதுங்கள். 2023 ஜூலை 1 முதல் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இயங்குகிறது. அரச ஆணையம் 2005-இல் கேட்டது தண்டிக்கும் அதிகாரம் கொண்ட ஓர் அமைப்பு. வந்திருப்பது விசாரித்துப் பரிந்துரை செய்யும் அமைப்பு. 18 ஆண்டு காத்திருப்புக்கு இது போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் புகார் செய்யுங்கள், எழுத்தில் பதிவாகாத அடி நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும், மரண விசாரணை நடக்க வேண்டும் என்று 334-ஆவது பிரிவு கட்டாயமாக்குகிறது. குகன் வழக்கு இதில் எல்லாரும் அறிய வேண்டியது. 2009 ஜனவரியில் சிலாங்கூர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் அந்த இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் அதை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடந்தது. அடியினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது தெரியவந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கியது. குகனின் தாய் முதல் அறிக்கையை வாங்கிக்கொண்டு ஈமக்கிரியையை முடித்திருந்தால் எந்த உண்மையும் வெளியே வந்திருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர் கோயில் தலைவராகவோ, தாமான் குடியிருப்போர் சங்கத்துக்காரராகவோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருந்தால், கெடாவின் சட்ட உதவி மைய எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுங்கள்: நான் கைதாகியிருக்கிறேனா என்பது ஒன்று, "சாயா மாவு பெகுவாம்", எனக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பது இன்னொன்று. பிள்ளை பிடிபட்டுவிட்டால் அன்றிரவே மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், ஐஓவின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, அது வெள்ளிக்கிழமையாகவே இருந்தாலும், ரிமாண்ட் எங்கே நடக்கிறது என்று விசாரித்து அந்த வாசலுக்கே போய் நில்லுங்கள்.